இரண்டு கம்பளி உயர நாற்காலி

நான் வேலை பார்த்த சப் சென்டரில் இப்போது நர்ஸாக இருக்கும் கௌசல்யா போன வாரம் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். சுவரில் புதிதாக ஒட்டியிருக்கும் விளக்கப்படம். நரைத்த தலைக்காரர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுகிறார், உட்காருகிறார், மறுபடி எழுகிறார். பக்கத்தில் ஒரு தட்டு நிறைய முட்டை, பயறு, மீன், கீரை. படத்தோடு அவள் குரலும் வந்தது. “வயசானவங்களக் கூப்பிட்டு இதைச் செய்ய வைக்கணுமாம் சிஸ்டர். எல்லாரும் சிரிக்காங்க. நாங்க ஏறாத மலையான்னு கேக்காங்க. நீங்க மட்டும் எப்படிச் செய்ய வச்சீங்க?”

நானும் குரலிலேயே மூன்று பதில் அனுப்பினேன். பஸ் இரைச்சலில் பாதி புரியவில்லை, எழுதி அனுப்புங்கள் என்றாள். தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்த பெண், ஒன்றைக் கேட்டால் விடமாட்டாள். எலப்புள்ளியில் எங்கள் வீட்டுச் சமையலறை மேடையில் நோட்டை வைத்து, நின்றுகொண்டேதான் இதை எழுதுகிறேன். ஏன் நிற்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

என் படிப்பைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பாலக்காட்டில் நர்சிங் படித்தேன். கர்ப்பிணி, கைக்குழந்தை, தடுப்பூசி என்று பாடமெல்லாம் அதற்கே சரியாய்ப் போயிற்று. முதுமைக்குக் கடைசியில் ஓர் அத்தியாயம் இருந்தது. அதிலிருந்து கேள்வி வராது என்று யாரோ சொன்னார்கள், நான் அதைத் திறக்கவே இல்லை. அப்புறம் ஆறு ஊர் மாறி, கடைசிப் பதினாறு வருஷம் ஏலப்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கழிந்தது. தோட்டத்துப் பெண்கள் என்னைக் கண்டாலே “ஏனுங் நர்ஸம்மா” என்று என் கொங்குப் பேச்சை எனக்கே திருப்பித் தருவார்கள். நானும் கோபித்துக்கொண்டதாக நடிப்பேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி ஓய்வு பெறும் நாளில் கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்குவார்கள். அவளுடைய கூடையை வீட்டுச் சுவரில் கவிழ்த்து மாட்டி, நாற்காலியில் அவளை உட்கார வைத்து மாலை போடுவார்கள். “இனி நீ எந்திரிக்கவே கூடாது, எல்லாம் உக்காந்த இடத்துக்கு வரும்” என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். நாற்பது வருஷம் மேட்டில் நின்றே வேலை செய்தவளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறு என்ன இருக்கிறது? நானும் எத்தனையோ நாற்காலிகளுக்குப் போய்க் கைதட்டியிருக்கிறேன். “நல்லா ரெஸ்ட் எடுங்க” என்று வாழ்த்திவிட்டு, கொடுத்த பாயசத்தையும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

பேச்சியம்மாளின் நாற்காலிக்கும் போயிருந்தேன். அந்தத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது முதலாவதாக வருவது எப்போதும் அவர்தான். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வேறு யாராவது அரைக் கிலோ கூடுதலாகப் பறித்துவிட்டால் மறுநாள் பொழுது விடியும் முன்னே தேயிலைச் செடிக்குள் நிற்பார் என்று கேலி பேசுவார்கள். புருஷன் போய்விட்டார். மகள் செல்வி அதே தோட்டத்தில் கொழுந்துக்காரி, அவளோடுதான் இருந்தார். மகன் முருகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில்.

அவருக்கு அறுபத்து நாலு வயதில் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. எடை அறுபத்தொரு கிலோ. கொஞ்சம் குறைந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார். சாப்பாட்டு விவரம் எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒரு தாளில் ‘தவிர்க்க வேண்டியவை’ என்று தலைப்பிட்டு, கோடு போட்டு, அழகான கையெழுத்தில் பதினொன்று எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

அந்தத் தாளைச் செல்வி அடுப்படிச் சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டினாள்.

அடுத்த முறை ஐம்பத்தெட்டு கிலோ. “ஏனுங்க பேச்சியம்மா, நல்லாக் குறைச்சிருக்கறீங்களே!” என்றேன். அதற்கடுத்த முறை ஐம்பத்தைந்து. “மத்தவங்களும் உங்களைப் பாத்துக் கத்துக்கணும்” என்று வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னேன். ஒன்றரை வருஷத்தில் ஐம்பத்திரண்டு. மூன்று தடவையும் அவருடைய அட்டையில் ‘மிக நன்று’ என்று நானே எழுதியிருக்கிறேன். அதைப் படித்துக் காட்டச் சொல்லி முகம் மலர்ந்து போவார்.

இந்த இடத்தில் எங்கள் டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் மேரிக்குட்டி. கோட்டயம் பக்கத்துக்காரர், தோட்டத்துக்கு வந்து தமிழ் கற்றுக்கொண்டவர். வாரத்தில் ஒரு நாள் எங்கள் சப் சென்டருக்கு வருவார். நோயாளியின் பெயரைக் கூப்பிட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து கதவருகே போய் நின்றுவிடுவார். பெஞ்சிலிருந்து அவர்கள் எப்படி எழுகிறார்கள், கையை எங்கே ஊன்றுகிறார்கள், எப்படி நடந்து வருகிறார்கள் என்று பார்ப்பார். ஸ்டெதாஸ்கோப் கழுத்துக்குப் போவதற்குள் பாதி வைத்தியம் முடிந்திருக்கும். இன்னொன்று, அவர் ஒருநாளும் “என்ன சாப்பிடுவீங்க?” என்று கேட்கமாட்டார். “நேத்து என்ன சாப்பிட்டீங்க?” என்றுதான் கேட்பார். என்ன சாப்பிடுவீர்கள் என்றால் ஆளாளுக்கு நல்ல பிள்ளையாகிவிடுவார்கள், நேற்றைக்கு என்றால் உண்மையைத் தவிர வேறு வழி இல்லை என்பார்.

யாரையும் பிறர் முன்னால் திட்டவும் மாட்டார். பிளாஸ்க்கைத் திறந்து, பால் விடாத தன் கட்டன்சாயாவில் பாதியை அதன் மூடியில் ஊற்றி நீட்டுவார். அவர் தேநீரில் பங்கு கிடைத்தால் ஏதோ தப்புச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம். பதினாறு வருஷத்தில் நான் அந்த மூடியில் நிறையக் குடித்திருக்கிறேன்.

ஒரு மார்கழி மாதம். பேச்சியம்மாளைச் செல்வியும் பக்கத்து வீட்டுக்காரரும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் லயம் ரோட்டுக்கு மேலே ஐம்பத்தெட்டுப் படி உயரத்தில் இருக்கிறது. முந்தின வாரம் மத்தியானத்தில் நாலாவது படியில் விழுந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. லயத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்ததால் இரண்டு மணி நேரம் படியிலேயே கிடந்திருக்கிறார். முருகனுக்குச் செய்தி போனது. சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறேன், அம்மாவைத் திருப்பூருக்குக் கூட்டிப் போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டான்.

“ரெண்டாவது மாடில ஒத்த ரூமு. அவனும் மருமவளும் காலைல போனா ராத்திரிதான் வருவாங்க. நான் அங்க போயி எந்தச் செவுத்தப் பாத்துட்டு இருக்க?” என்று பேச்சியம்மாள் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. “பிள்ளையச் சொல்லிக் குத்தமில்ல. எனக்குக் காலு இல்ல, அதான்.”

டாக்டர் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். எழுந்திருக்கச் சொன்னார். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து, மூன்றாவது முயற்சியில்தான் பேச்சியம்மாள் எழுந்தார். அவருடைய கால்கள் குச்சிக்குத் துணி சுற்றியது போல் இருந்தன. டாக்டர் சர்க்கரை பார்த்தார், குறைவாக இருந்தது. பிறகு கேட்டார், “நேத்து என்ன சாப்பிட்டீங்க?”

“காலைல கட்டன், சீனி போடாம. மத்தியானம் கோதுமைக் கஞ்சி ஒரு தம்ளரு. ராத்திரியும் அதுதான்.”

“முட்டை?”

“மஞ்சக்கரு ஆகாதுன்னு எழுதியிருக்குல்லா. எதுக்கு வம்புன்னு முட்டையே விட்டுட்டேன்.”

“மீன்?”

“பொரிச்ச மீனு ஆகாதுன்னு இருக்கு. கொழம்பு மீன மட்டும் தின்னா ஒருநா பொரிக்கத் தோணும். அதான் மீனையும் விட்டுட்டேன்.”

எண்ணெய் குறைக்கச் சொன்னதால் கடலை போயிற்று. பயறு வாயுவாம், அது யாரோ சொல்லிப் போயிற்று. வீட்டில் நாலு கோழி முட்டை இட்டுக்கொண்டிருந்தது. முட்டையெல்லாம் அக்கம்பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆயுசு முழுக்கக் கிலோ கூட வேண்டும் என்று ஓடிய பெண்ணிடம், கிலோ குறைய வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். அவர் அதிலும் முதலாவதாக வந்துவிட்டார். தராசில் ஏறி இறங்கினவரைப் பார்த்து நான் ஒவ்வொரு முறையும் கைதட்டியிருக்கிறேன்.

அன்று மத்தியானம் பிளாஸ்க் மூடி என் பக்கம் வந்தது.

“சிஸ்டரே, ஒன்பது கிலோ குறைஞ்சுது. எந்த ஒன்பது?” என்றார் டாக்டர்.

நான் மூடியைக் கையில் வாங்கினேன்.

“கொழுப்பு கொஞ்சம் போயிருக்கும். பாக்கி தொடை. வயசானவங்க உக்காந்தே இருந்து, வயித்துக்கும் சரியா கொடுக்காம இருந்தா, உடம்பு சதையை எடுத்துத் தின்னும். தராசுக்கு அது தெரியாது. நமக்குத் தெரியணும்.” ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார். “நானும் அந்த அட்டை கண்டதாணு, பாத்துட்டு விட்டுட்டேன். தப்பு ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. சாரமில்ல, போகட்டும், இப்போ வேலை பாக்கலாம்.”

பாதியைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்ட மேலதிகாரியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அன்று வீட்டுக்குப் போய் நன்றாக அழுதேன்.

வேலை இப்படித் தொடங்கியது. டாக்டர் சர்க்கரை மாத்திரையைக் குறைத்தார். என்னுடைய தாளைச் சுவரிலிருந்து எடுத்து வரச் சொல்லி, அதன் பின்பக்கத்தில் ‘சேர்க்க வேண்டியவை’ என்று தன் கோழிக்கிறுக்கலில் எழுதினார். தினம் ஒரு முட்டை, மஞ்சளோடு. ஒரு கைப்பிடி வேகவைத்த பயறு அல்லது கொள்ளு. மத்தி மீன் கிடைக்கிற நாளெல்லாம் மத்திக் குழம்பு. கீரை. ஒரு தம்ளர் மோர் அல்லது பால். மத்தியானம் ஒரு கிண்ணம் சோறு, பயப்படாமல். அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டச் சொன்னார்.

அடுத்தது நாற்காலி. சோதனை எளிது. நாற்காலி நகராமல் சுவரோடு சேர்த்துப் போட வேண்டும். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொள்ள வேண்டும். கை ஊன்றாமல் முழுதாக எழுந்து நின்று, மறுபடி உட்கார வேண்டும். அரை நிமிஷத்தில் எத்தனை தடவை முடிகிறது என்று எண்ண வேண்டும். பேச்சியம்மாளுக்கு ஒன்றுகூட வரவில்லை. பூஜ்யம் என்று எழுதும்போது அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறுவையில் அவர் அப்படி ஒரு எண்ணை வாழ்க்கையில் வாங்கியதில்லை.

எழ முடியாதவருக்கு நாற்காலியை உயர்த்து என்றார் டாக்டர். மழையில் கொழுந்து பறிக்கும்போது போர்த்திக்கொண்ட பழைய கம்பளிகள் இரண்டு பரணில் இருந்தன. நாலாக மடித்து இரண்டையும் நாற்காலியில் போட்டோம். அந்த உயரத்திலிருந்து கை ஊன்றாமல் எழ முடிந்தது. காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. சுலபமாகிவிட்டால் ஒரு கம்பளியை உருவிவிட வேண்டும், அப்புறம் இன்னொன்றையும். இதற்கு நடுவே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். முதல் மூன்று படியில் மட்டும், செல்வி கூட இருக்கும்போது, ஏறி இறங்க வேண்டும்.

ஆனால் அவர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. “நாப்பது வருசமா இந்த மலைய ஏறி எறங்குனவளுக்கு எச்சர்சைசா? லயத்துல கேட்டா வாயால சிரிக்கமாட்டாங்க” என்றார்.

“அது பழைய சம்பளமுங்க. அப்பவே தின்னு தீத்தாச்சு. இந்த மாசத்துக்கு இப்பத்தான் வேலை செய்யோணும்” என்றேன்.

அதைக் கேட்டு ஒரு சிரிப்பு வந்தது. “நீங்க சொல்லுததும் நாயந்தான்” என்று கம்பளி மேல் உட்கார்ந்தார்.

லயத்தில் சிரிக்கத்தான் செய்தார்கள். பேச்சியக்கா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தோப்புக்கரணம் போடுது என்று பேச்சு. அவர் கேட்காதது போல் இருந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை தோறும் நான் போவேன். மூன்றாவது செவ்வாயில் கம்பளி ஒன்றாயிற்று. தை பிறந்ததும் அதையும் உருவினோம். ஐந்தாவது வாரம் போனபோது வலது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

“எத்தனை செஞ்சீங்க?”

“கொஞ்சந்தான்.”

“நேத்து எத்தனை செஞ்சீங்க?” டாக்டரின் பாடம் எனக்கும் கொஞ்சம் ஏறியிருந்தது.

“அறுவது” என்றார், தலையைக் குனிந்துகொண்டு. “மேல்லயத்துத் தங்கம் எட்டு வருசம் எனக்கு எளையவ. அவ முப்பது போடுவேன்னு சவால் விட்டா.”

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. குணம் எங்கே போகும்? டாக்டர் வந்து பார்த்து, நாலு நாள் ஓய்வு, அப்புறம் மறுபடி ஒரு கம்பளியிலிருந்து தொடங்கு என்றார். அதோடு தாளில் ‘பத்துக்கு மேல் செய்தால் செல்லாது’ என்று எழுதினார். கொழுந்தோடு முற்றின இலையைக் கலந்தால் நிறுவையில் தள்ளிவிடுவார்கள் அல்லவா, அதுபோல என்று நான் விளக்கினேன். அது அவருக்குச் சட்டென்று புரிந்தது. அப்புறம் ஒருநாளும் பத்தைத் தாண்டவில்லை.

மாசி கழிந்து பங்குனியும் வந்தது. மூன்று படி பத்தாயிற்று, பத்து இருபத்தைந்தாயிற்று. எடை ஐம்பத்தைந்துக்கு ஏறியது. நான் இந்த முறை ‘மிக நன்று’ என்று எழுதப் பயந்து, டாக்டரை எழுதச் சொன்னேன். தங்கமும் இன்னும் நாலு பேரும் தங்கள் தங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு வாங்கிக் கொடுத்த நாற்காலிகள் அத்தனையும் அன்று முதன்முதலாக வேலை பார்த்தன.

திருவிழாவுக்கு முதல் நாள் காலை முருகன் வரும் பஸ்ஸுக்குத் தான் ரோட்டில் போய் நிற்க வேண்டும் என்றார் பேச்சியம்மாள். ஐம்பத்தெட்டுப் படியும் இறங்கி. செல்வி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். யாரும் தொடக்கூடாது என்று கட்டளை. கைப்பிடிச் சுவர் இருந்த வரை அதைப் பிடித்தார், இல்லாத இடத்தில் நின்று மூச்சு வாங்கி இறங்கினார். கீழே வந்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றார்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய முருகனின் கையில் ஒரு பையும், நாலு கால் வைத்த அலுமினிய வாக்கரும் இருந்தன. அவன் எங்கள் மூவரையும் தாண்டிப் படியை நோக்கிப் போனான். தாயை அங்கே எதிர்பார்க்காத கண்ணுக்கு அவர் தெரியவே இல்லை.

“ஏலே! பெத்தவளக் கண்டா தெரியலையால?”

திரும்பியவன் பையை ரோட்டிலேயே போட்டுவிட்டான். அம்மாவின் காலைத்தான் முதலில் பார்த்தான், பிறகுதான் முகத்தை. “எப்படிம்மா வந்தே?” என்று கேட்டான்.

“நடந்துதான். நீ ஏறு, நான் பின்னால வாரேன்.”

ஏறும்போது நாலு இடத்தில் நின்றார். உண்மையைச் சொன்னால், இரண்டு இடத்தில் அவர் நின்றது எனக்காக. நான் வருஷக்கணக்காக ஜீப்பிலும் பஸ்ஸிலும் போய் இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து அறிவுரை சொன்னவள். நாற்பதாவது படியில் எனக்குக் கண் இருட்டியது. பேச்சியம்மாள் திரும்பிப் பார்த்து, “ஏலே முருகா, அந்த நாலுகாலு வண்டியக் கொண்டா. நர்ஸம்மாவுக்கு வேணும்” என்றார். லயத்தில் கேட்ட சிரிப்பு அந்த மலைக்கே கேட்டிருக்கும்.

மேலே போய் மூச்சு அடங்கியதும், நாலு மாதமாக நெஞ்சில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். “உங்களை இப்படி ஆக்குனது நான் எழுதிக் குடுத்த லிஸ்ட்தானுங்க. நான்தான் நல்லாருக்குது நல்லாருக்குதுன்னு சொல்லிட்டே இருந்தேன். மன்னிச்சுக்கோங்க.”

அவர் தலையை ஆட்டினார். “தெரியும். தாளத் திருப்பி ஒட்டுன அன்னைக்கே தெரியும்” என்றார். அப்புறம் நாற்காலியை இழுத்துச் சுவரோடு சேர்த்துப் போட்டார். கம்பளி இல்லாத வெறும் நாற்காலி. “உக்காருங்க நர்ஸம்மா. கைய நெஞ்சுல கட்டுங்க. எந்திரிங்க. நான் எண்ணுதேன்.”

முருகன் போனில் நேரம் பார்த்தான். நான் ஏழோடு நின்றுவிட்டேன். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அடுத்து அறுபத்தாறு வயதுப் பேச்சியம்மாள் உட்கார்ந்து பதினொன்று செய்தார். முருகன் வாக்கரை மடித்து மூலையில் வைத்தான். திருவிழா முடிந்து தனியாகத்தான் ஊருக்குப் போனான்.

இது நடந்து ஆறு வருஷமாகிறது. நான் ஓய்வு பெற்ற நாளில் பேச்சியம்மாளும் தங்கமும் எனக்கு ஒரு நாற்காலி வாங்கித் தந்தார்கள். மாலை போட்டார்கள், ஆனால் உட்காரச் சொல்லவில்லை, எழுந்திருக்கச் சொன்னார்கள். அது இப்போது எங்கள் சமையலறைச் சுவரோரம் இருக்கிறது. இதை எழுதும்போது பக்கத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். காலையில் கொள்ளும் முட்டையும். மாசம் பிறந்தால் பேச்சியம்மாளிடமிருந்து போன் வரும். “எத்தன?” என்பதுதான் முதல் வார்த்தை. இந்த மாதம் எனக்குப் பதினாலு. அவருக்கு எழுபத்திரண்டு வயதில் பத்து. “ஒண்ணு கொறைஞ்சு போச்சு, மழைக்கு முட்டு பிடிச்சிருக்கு. அடுத்த மாசம் பாரு” என்றார். நிறுவையில் பொய் சொல்லாதவர் என்பதால் நானும் சொல்வதில்லை.

கௌசல்யா, எப்படிச் செய்ய வைத்தேன் என்று கேட்டாயே. நான் யாரையும் செய்ய வைக்கவில்லை. அடுத்த முறை அவர்களைக் கூப்பிடும்போது விளக்கப்படத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வை. நடுவில் ஒரு நாற்காலி போட்டு அதில் நீ உட்கார். எண்ணுகிற வேலையை அவர்களிடம் கொடு.